டேப்பும் மூன்று நீளங்களும்: முக்கோணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பதும் வீடு கட்டுகிறவர்கள் கேட்பதும் இங்கே கலந்தே இருக்கும். இருவருக்கும் வேண்டியது ஒரே பண்பு என்பதால் பிரிக்கவில்லை. ஒரு முக்கோணத்தின் மூன்று பக்க நீளங்களைச் சொல்லிவிட்டால் அதன் கோணங்கள், உயரம், பரப்பு எல்லாமே முடிவாகிவிடும். கோணம் அளக்கும் கருவி இல்லாமல், வெறும் டேப்பை வைத்துக்கொண்டு இத்தனை வேலை பார்க்க முடிவது இதனால்தான்.

நாற்கரம், ஐங்கோணம் எல்லாம் இருக்க, முக்கோணத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை?

நான்கு ஐஸ் குச்சிகளை எடுத்து, முனைகளில் குண்டூசி குத்தி ஒரு சதுரமாக இணையுங்கள். ஒரு மூலையை விரலால் லேசாகத் தள்ளினாலே சதுரம் சாய்ந்துவிடும். குச்சிகளின் நீளம் மாறவில்லை, உருவம் மட்டும் மாறிவிட்டது. இப்போது ஒரு குச்சியைக் கழற்றிவிட்டு மூன்றை மட்டும் இணைத்துத் தள்ளிப் பாருங்கள். அசையாது. குச்சி உடைய வேண்டும், அல்லது ஊசி பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று பக்க நீளங்கள் ஒன்றாக இருக்கும் இரண்டு முக்கோணங்கள் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே பொருந்தும். பாடப்புத்தகத்தில் ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) சர்வசமம் என்று படிப்பது இதைத்தான். நாற்கரத்துக்கு இந்தக் குணம் கிடையாது. அதில் ஒரு மூலைவிட்டத்தைப் போட்டு இரண்டு முக்கோணமாக்கினால்தான் நிற்கும். மின்கோபுரம், செல்போன் டவர், பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி எல்லாவற்றிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி ஓடுவது இதற்காகவே. அந்தக் குறுக்குக் கம்பிகளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஆடும் சதுரங்கள்.

எந்த மூன்று நீளங்களை எடுத்தாலும் முக்கோணம் வருமா?

வராது. எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். 3, 4, 8 செ.மீ. குச்சிகளை வைத்துப் பாருங்கள்: எட்டின் இரு முனைகளிலிருந்து மற்ற இரண்டும் கிளம்பினால் நடுவில் ஒன்றையொன்று தொடாது. 3, 4, 7 என்றால் தொடும், ஆனால் ஒரே கோட்டில் படுத்துவிடும். பெரிய பக்கத்தை மட்டும் சரிபார்த்தால் போதும், மூன்று முறை கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

மூன்று கோணங்களின் கூடுதல் 180 டிகிரி என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். ஏன் 180?

ஒரு காகிதத்தில் முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நேர்கோடு வரும். கண்ணுக்கு நல்ல காட்சி, ஆனால் அது அந்த ஒரு முக்கோணத்துக்குத்தான் சாட்சி. எல்லா முக்கோணத்துக்கும் செல்லும் காரணம் ஒரே ஒரு கோட்டில் இருக்கிறது.

அடிப்பக்கம் கிடையாக இருக்கும்படி முக்கோணத்தை வரையுங்கள். மேல் உச்சி வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். உச்சியில் இப்போது மூன்று கோணங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் இருப்பது முக்கோணத்தின் உச்சிக் கோணம். அதன் இடப்பக்கம் இருப்பது அடியில் இடது மூலைக் கோணத்துக்குச் சமம், வலப்பக்கம் இருப்பது வலது மூலைக் கோணத்துக்குச் சமம். இணைகோடுகளை ஒரு கோடு வெட்டும்போது ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாக இருக்கும் அல்லவா? மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோட்டை நிரப்புகின்றன. அதனால் 180.

இதைப் புரிந்துகொண்டவருக்கு வெளிக்கோணத் தேற்றத்தைத் தனியாகப் படிக்க வேண்டாம். ஒரு பக்கத்தை நீட்டினால் கிடைக்கும் வெளிக்கோணம், எதிரே உள்ள இரண்டு உள்கோணங்களின் கூடுதல். அதே படத்திலேயே அது தெரிகிறது.

முக்கோணத்தில் எத்தனை வகை?

பக்கத்தை வைத்து மூன்று: சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம். கோணத்தை வைத்து மூன்று: குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் இரண்டு மூலைமட்டங்களும் செங்கோண முக்கோணங்கள். ஒன்றில் 45, 45, 90, மற்றதில் 30, 60, 90. முதலாவது ஒரு சதுரத்தின் பாதி, இரண்டாவது ஒரு சமபக்க முக்கோணத்தின் பாதி.

கொத்தனார் மூலைமட்டம் பார்க்க 3, 4, 5 என்று அளக்கிறாரே, அது எப்படி வேலை செய்கிறது?

செங்கோண முக்கோணத்தில் சிறிய பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின், அதாவது செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தின், வர்க்கம் வரும். இதுதான் பித்தாகரஸ் தேற்றம். 9, 16, இரண்டும் சேர்ந்து 25. வேலை நடக்கும் இடத்தில் இதைத் திருப்பிப் பயன்படுத்துகிறார்கள்: பக்கங்கள் 3, 4, 5 என்று அமைந்துவிட்டால் அங்கே 90 டிகிரி வந்தே தீரும். மூன்று நீளம் கோணத்தை முடிவு செய்துவிடும் என்று மேலே சொன்னதுதான்.

செய்முறை இது. மூலையில் முளை அடித்து இரண்டு பக்கமும் நூல் இழுக்கிறார்கள். ஒரு நூலில் மூலையிலிருந்து 3 அடியில் குறி, இன்னொன்றில் 4 அடியில் குறி. இரண்டு குறிகளுக்கும் இடையில் டேப் சரியாக 5 அடி காட்டும்வரை ஒரு நூலைத் தள்ளித் தள்ளிச் சரிசெய்கிறார்கள்.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். 3, 4, 5 அடி என்பது வீட்டு அஸ்திவாரத்துக்குச் சின்ன அளவு. குறுக்கே அளக்கும்போது கால் அங்குலம் பிசகினால் கோணம் ஏறக்குறைய அரை டிகிரி பிசகும். 40 அடி சுவர் போய்ச் சேரும் முனையில் அது நான்கு அங்குலத்துக்கு மேல் விலகலாக வந்து நிற்கும். அதே கால் அங்குலப் பிழை 12, 16, 20 அடியில் நேர்ந்தால் மறுமுனை விலகல் ஒரு அங்குலம்தான். இடம் இருக்கிற அளவுக்குப் பெரிய முக்கோணமாகப் போடச் சொல்லுங்கள். கூடுதலாக ஆகும் நேரம் ஐந்து நிமிடம்.

நான்கு மூலைகளும் குறித்தபின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். 30க்கு 40 அடி என்றால் இரண்டுமே 50 அடி காட்ட வேண்டும். சிலர் மூலைவிட்டங்கள் சமமாக இருந்தாலே திருப்தியாகிவிடுகிறார்கள். அது போதாது. முன்பக்கம் குறுகிப் பின்பக்கம் அகன்ற சரிவகத்திலும் இரு மூலைவிட்டங்கள் சமமாக வரலாம். எதிர்ப் பக்கங்களும் சமம், மூலைவிட்டங்களும் சமம் என்றால்தான் செவ்வகம். இதைக் கோட்டைவிட்ட வீட்டில் தவறு பல மாதம் கழித்து, டைல்ஸ் ஒட்டும் அன்று தெரியவரும்: சுவரோரக் கல் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒல்லியாகவும் வெட்டுப்படும்.

வர்க்கமூலம் இல்லாமலே கர்ணம் காணும் தமிழ்ப் பாடல் ஒன்று உண்டே, அது பித்தாகரஸைவிடச் சிறந்ததா?

வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும் செய்தி இது. அந்தப் பாடல் தரும் வழி: பெரிய பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளிவிடு, மிச்சத்தோடு சிறிய பக்கத்தில் பாதியைச் சேர், கிடைப்பது கர்ணம். 3, 4 போட்டுப் பாருங்கள். நான்கில் எட்டில் ஏழு 3.5, மூன்றில் பாதி 1.5, மொத்தம் 5. சரியாக வருகிறது. 5, 12 போட்டால் 10.5, 2.5, மொத்தம் 13. அதுவும் சரி. செய்தியை அனுப்புகிறவர்கள் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மற்றவற்றையும் போட்டுப் பார்த்தால் கதை வேறு. 8, 15க்கு உண்மையில் 17 வர வேண்டும், இந்த வழியில் 17.125 வருகிறது. 7, 24க்கு 25 வர வேண்டும், 24.5 வருகிறது. 10, 40 போட்டால் 35, 5, மொத்தம் 40. கர்ணமும் பெரிய பக்கமும் ஒரே நீளம் என்று ஆகிவிடுகிறது. உண்மையான விடை 41.23. கர்ணம் எப்போதும் மற்ற இரு பக்கங்களைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதால், இந்த ஒரு கணக்கே இது தோராயம் என்று காட்டப் போதும்.

எங்கெல்லாம் சரியாக வரும் என்று சமன்பாடு போட்டுப் பார்க்கலாம். வழியில் கிடைப்பதையும் வர்க்கமூலத்தையும் சமப்படுத்தி இரு பக்கமும் வர்க்கமாக்கினால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும். சிறிய பக்கத்துக்கும் பெரிய பக்கத்துக்கும் உள்ள விகிதத்துக்கு அதில் இரண்டே தீர்வுகள்: 3/4, 5/12. அந்த இரண்டு வடிவங்களுக்கும் அவற்றின் மடங்குகளுக்கும் மட்டுமே விடை அச்சு அசலாக இருக்கும், வேறு எதற்கும் இருக்காது. பத்தாம் வகுப்பு மாணவர் செய்து பார்க்க அருமையான கணக்கு, தவறவிடாதீர்கள்.

அதனால் அதை ஒதுக்கிவிட வேண்டுமா என்றால், வேண்டாம். அந்த இரண்டு விகிதங்களுக்கு நடுவில் பிழை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டுவதில்லை. சதுரத்துக்குக்கூட மூன்று சதவீதத்துக்குள் நிற்கிறது. கையில் எதுவும் இல்லாத ஒருவர் கூரைக்கு எவ்வளவு மரம் வேண்டும் என்று மனக்கணக்கில் சொல்ல இது அழகான வழி, யோசித்தவர் கெட்டிக்காரர். ஆனால் அஸ்திவாரத்துக்கு இதை நம்பக் கூடாது. 40க்கு 60 அடி மனையில் இது 72.5 அடி என்று சொல்லும், உண்மையான மூலைவிட்டம் 72.11 அடி. வித்தியாசம் நான்கரை அங்குலத்துக்கு மேல்.

கோணல் மனையின் பரப்பை எப்படிக் கணக்கிடுவது? எதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கினால் போதும் என்கிறார்களே?

போதாது. வாங்குகிறவருக்கு எப்போதுமே நஷ்டம் தரும் வழி அது. சராசரி முறையில் கிடைக்கும் பரப்பு, நிலம் மிகச் சரியான செவ்வகமாக இருந்தால் மட்டும் உண்மைக்குச் சமம். மற்ற எல்லா மனைக்கும் உண்மையைவிட அதிகமாகவே வரும். குறைவாக வர வழியே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. வரிசையாக 52, 56, 36, 48 அடி பக்கங்கள் கொண்ட மனை. சராசரி முறையில் 52, 36 இரண்டுக்கும் சராசரி 44. 56, 48 இரண்டுக்கும் சராசரி 52. பெருக்கினால் 2,288 சதுர அடி. இப்போது, 52, 56 அடிப் பக்கங்கள் சேரும் மூலைக்கு எதிராக ஓடும் மூலைவிட்டத்தை அளக்கிறோம். 60 அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனை இரண்டு முக்கோணங்களாகிவிட்டது: 52, 56, 60 ஒன்று; 36, 48, 60 இன்னொன்று.

மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்துக்கு ஹெரான் சூத்திரம் இருக்கிறது. பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்குங்கள். அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்துக் கிடைக்கும் மூன்று எண்களோடு பாதியையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். முதல் முக்கோணத்துக்குப் பாதி 84. கழித்தால் 32, 28, 24. விடை 1,344 சதுர அடி. இரண்டாவதற்குப் பாதி 72, கழித்தால் 36, 24, 12, விடை 864. மொத்தம் 2,208. சராசரி முறையில் 80 சதுர அடி அதிகமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. உங்கள் ஊரில் சென்ட் என்ன விலை போகிறதோ, அதை வைத்து இந்த 80 அடிக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். நான்கு பக்க நீளங்கள் மட்டும் தெரிந்தால் பரப்பு முடிவாகாது. ஐஸ் குச்சிச் சதுரம் சாய்ந்த மாதிரி மனையும் சாய்ந்திருக்கலாம். அதிகபட்சம் எவ்வளவு வரலாம் என்று மட்டும் சொல்லலாம். நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் அமையும்போது பரப்பு உச்சத்தைத் தொடும், அதற்குப் பிரம்மகுப்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே சூத்திரம் தந்திருக்கிறார். இந்த மனைக்கு அது சுமார் 2,251 சதுர அடி. ஆக, 2,288 என்ற கணக்குக்கு உரிய நிலம் இந்தப் பக்கங்களை வைத்து எப்படி மடக்கினாலும் அமையாது.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மூலைவிட்டத்தையாவது டேப் பிடித்து அளந்துவிடுங்கள். நில அளவைத் துறையின் புலப்படத்திலும் எல்லைக் கோடுகளோடு குறுக்குக் கோடுகளின் அளவும் இருப்பது இதே காரணத்துக்காகத்தான்.

அடிப்பக்கம், உயரம் பெருக்கிப் பாதி எடுக்கும் சூத்திரம் எப்போது?

உயரத்தை நேராக அளக்க முடிகிறபோது. காகிதத்திலும் துணியிலும் அது எளிது. நிலத்தில் உச்சியிலிருந்து எதிர்ப் பக்கத்துக்குச் சரியான செங்குத்து விழும் இடத்தைக் கண்டுபிடிப்பதே தனி வேலை, நடுவில் கிணறோ புதரோ இருந்தால் அதுவும் முடியாது. அங்கே ஹெரான்தான் வசதி.

பக்கங்கள் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு முக்கோணச் சுவரைப் பக்கத்துக்குப் பக்கம் இரட்டிப்பாக்கிக் கட்டினால் பெயின்ட் நான்கு மடங்கு வேண்டும்.

கேட்டுக்குச் சாய்வுக்கட்டை எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போட வேண்டும்?

அது சாய்வுக்கட்டை எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. தலைகீழாகப் போட்டவர்கள் நிறைய.

கேட் ஒரு பக்கம் கீலில் தொங்குகிறது, கொண்டிப் பக்கம் அந்தரத்தில் நிற்கிறது. நாளாக ஆகக் கொண்டிப் பக்கம் கீழே இறங்கப் பார்க்கும், செவ்வகம் சாய்ந்து இணைகரமாகும். அப்படிச் சாயும்போது இரண்டு மூலைவிட்டங்களில் ஒன்று நீளும், மற்றது குறுகும். மேல் கீலிலிருந்து கீழ்க் கொண்டி மூலைக்குப் போகும் கோடு நீளும். கீழ்க் கீலிலிருந்து மேல் கொண்டி மூலைக்குப் போகும் கோடு குறுகும்.

மரக்கட்டை அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் கட்டை தாங்கினாலும் ஆணி கழன்றுவிடும். அதனால் மரக் கேட்டுக்குக் குறுகப் பார்க்கும் கோட்டில் கட்டை வைக்க வேண்டும்: கீழ்க் கீல் மூலையில் ஊன்றி, மேல் கொண்டி மூலையைத் தாங்கும்படி. மெல்லிய கம்பியோ கேபிளோ என்றால் நேர்மாறு. அது இழுவையைத் தாங்கும், அழுத்தினால் வளைந்துவிடும். நீளப் பார்க்கும் கோட்டில், அதாவது மேல் கீலிலிருந்து கீழ்க் கொண்டி மூலைக்கு, முறுக்கிக் கட்ட வேண்டும். தடிமனான இரும்புக் குழாயை வெல்டிங் செய்தால் எந்தப் பக்கமும் போடலாம், இரண்டையும் தாங்கும்.

ஓட்டு வீட்டுக் கூரையில் முக்கோணம் என்ன செய்கிறது?

இரண்டு பக்கமும் சாயும் கைமரங்கள் முகட்டில் சேர்கின்றன. ஓட்டின் பாரம் அவற்றைக் கீழே அழுத்தும்போது, அவற்றின் கால்கள் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். அதாவது இரண்டு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளும். கைமரங்களின் கால்களைக் குறுக்கே ஒரு விட்டம் போட்டு இணைத்துவிட்டால் தள்ளுவது அந்த விட்டத்துக்குள் இழுவையாக அடங்கிவிடும், சுவருக்கு நேர் கீழ்நோக்கிய பாரம் மட்டும் போகும். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று, தலையில் இடிக்கிறது என்பதற்காக அந்த விட்டத்தை அறுத்து எடுக்காதீர்கள். உடனே எதுவும் ஆகாது, சுவர் மெல்ல மெல்லச் சாயும்.

நடுவில் முகட்டிலிருந்து விட்டத்துக்கு இறங்கும் குத்துமரம் உள்ள கூரைகளும் உண்டு. அந்த மரம் முகட்டைத் தாங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சரியாக இணைத்த கூரையில் அது முகட்டிலிருந்து தொங்கிக்கொண்டு, நீளமான விட்டம் நடுவில் தொய்யாமல் தூக்கிப் பிடிக்கிறது. தகரக் கொட்டகைக்கு வெல்டர்கள் ஆங்கிள் இரும்பில் செய்யும் ட்ரஸ்ஸும் (முக்கோணங்களாக இணைத்த சட்டம்) இதே கணக்கு: பாரத்தை இணைப்புகளில் இறக்கினால் ஒவ்வொரு துண்டும் இழுபடும் அல்லது அழுந்தும், எதுவும் பெரிதாக வளையாது. அதனால்தான் அவ்வளவு ஒல்லியான இரும்பு அவ்வளவு அகலத்தை மூட முடிகிறது.

ஏறாமலே தென்னை மரத்தின் உயரத்தைச் சொல்ல முடியுமா?

வெயில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. 4 அடிக் குச்சியை நேராக நட்டு அதன் நிழலை அளங்கள், உடனே மரத்தின் நிழலையும் அளங்கள். குச்சியின் நிழல் 3 அடி, மரத்தின் நிழல் 36 அடி என்றால், 36 என்பது மூன்றைப்போல 12 மடங்கு. மரமும் குச்சியைப்போல 12 மடங்கு, 48 அடி. கதிர் ஒரே சாய்வில் வருவதால் இரண்டும் வடிவொத்த முக்கோணங்கள். தரை சமமாக இருக்க வேண்டும், மரமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்த தென்னைக்கு இது பொய் சொல்லும்.

வெயில் இல்லாவிட்டால் ஒரு சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடியுங்கள், 45 டிகிரி கிடைக்கும். ஒரு சிறு பக்கம் தரைக்குக் கிடையாக இருக்கும்படி கண்ணருகே பிடித்து, மடித்த விளிம்பு வழியே மர உச்சி தெரியும்வரை பின்னால் நகருங்கள். அப்புறம் மரத்தடிவரை உள்ள தூரத்தோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம்.

ஏணி, சாய்தளம் இவற்றுக்கு ஏதாவது அளவு உண்டா?

ஏணிக்கு நாலுக்கு ஒன்று. 12 அடி உயரத்தில் சாய்த்தால் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். சாய்வு சுமார் 75 டிகிரி வரும். அதைவிடக் கிட்டே வைத்தால் பின்னால் கவிழும், தள்ளி வைத்தால் வழுக்கும்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு, இந்தியக் கட்டிட வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு அடி ஏற 12 அடியாவது ஓட வேண்டும். ஒன்றரை அடி உயர வாசலுக்கு 18 அடி. இடம் இல்லை என்று 5 அடியில் முடித்துவிட்ட சாய்தளங்களைப் பல வாசல்களில் பார்க்கிறோம், அவற்றில் யாரும் தனியாக ஏற முடியாது. நேராக இடம் இல்லை என்றால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம்.

முக்காலி ஏன் ஆடுவதில்லை?

மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும். நான்காவது புள்ளி அதே தளத்தில் விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அதனால் நாற்காலிக்கு ஒரு கால் தூக்கிக்கொள்கிறது. மேடுபள்ளமான தரையில் மூன்று கல் அடுப்பும் கேமரா ஸ்டாண்டும் உறுதியாக நிற்பது இதனால்தான். சாய்ந்து நிற்கலாம், ஆனால் ஆட்டம் இருக்காது.

கோணங்கள் மூன்றும் சமமாக இருந்தால் முக்கோணங்கள் சர்வசமம் இல்லையா? ப-ப-கோ (பக்கம்-பக்கம்-கோணம்) ஏன் செல்லாது?

மூன்று கோணம் உருவத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. மூலைமட்டமும் அதே வடிவில் ஒரு கோபுரத்தின் நிழலும் வடிவொத்தவை, சர்வசமம் இல்லை. ஒரே ஒரு பக்க நீளமாவது வேண்டும்.

ப-ப-கோ வில் கோணம் இரண்டு பக்கங்களுக்கு நடுவில் இல்லாததால் சிக்கல். 30 டிகிரி கோணம் ஒன்று வரைந்து, அதன் ஒரு கையில் 10 செ.மீ. குறியுங்கள். அந்த முனையிலிருந்து கவராயத்தில் 6 செ.மீ. ஆரம் எடுத்து வில் வரைந்தால், மறு கையை இரண்டு இடத்தில் வெட்டும். கொடுத்த அளவுகள் ஒன்றே, முக்கோணங்கள் இரண்டு. தேர்வில் இதை விளக்கச் சொன்னால் இந்தப் படம் ஒன்று போதும்.

மூன்று ஊர்களுக்குச் சம தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்ட எங்கே இடம் பார்ப்பது?

ஊர்களை இணைத்து முக்கோணம் வரைந்து, இரண்டு பக்கங்களின் நடுவில் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். அவை வெட்டும் இடம் சுற்றுவட்ட மையம், மூன்று ஊருக்கும் ஒரே தூரம். ஆனால் முக்கோணம் விரிகோணமாக இருந்தால் அந்த இடம் முக்கோணத்துக்கு வெளியே போய்விடும், மூன்று ஊருக்குமே தொலைவாகிவிடும். அப்போது நீளமான பக்கத்தின் நடுப்புள்ளியே மேல். மிகத் தொலைவில் உள்ள ஊருக்கும் நடை குறையும்.

அட்டை முக்கோணத்தைப் பென்சில் முனையில் நிறுத்தும் புள்ளி வேறு. அது நடுக்கோட்டு மையம். ஒவ்வொரு மூலையையும் எதிர்ப் பக்கத்தின் நடுப்புள்ளியோடு இணைத்தால் மூன்று கோடுகளும் அங்கே சந்திக்கும், ஒவ்வொரு கோடும் அங்கே 2:1 என்று பிரியும்.

இந்தியாவையே முக்கோணத்தால் அளந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை, அது தொடங்கியது சென்னையில். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் பக்கமாக ஓர் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். 100 அடி நீள எஃகுச் சங்கிலியால் சுமார் ஏழரை மைல். இவ்வளவு சிரமப்பட்டு ஒரே ஒரு கோட்டை அளந்ததற்குக் காரணம், ஒரு பக்கமும் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முடிவாகிவிடும் என்பதே. தூரத்தில் ஒரு குன்றையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணம் மட்டும் அளந்தால், மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் கிடைக்கும். அவை ஒவ்வொன்றும் அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கம். சங்கிலியை எடுத்துக்கொண்டு நாடு முழுக்க நடக்க வேண்டியதில்லை. இடையிடையே இன்னொரு கோட்டை அளந்து கணக்கைச் சரிபார்த்தால் போதும்.

தட்டையான காவிரிப் பகுதியில் குன்று கிடைக்காததால் கோயில்களின் உச்சிகளில் ஏறினார்கள். அரை டன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது, 1808இல், கயிறு அறுந்து மோதிக் கருவி சிதைந்தது. லாம்டனே உட்கார்ந்து வாரக்கணக்கில் அதை நிமிர்த்திச் சரிசெய்தார். அவர் 1823இல் இறந்தபின் ஜார்ஜ் எவரெஸ்ட் வேலையை ஏற்றார். அந்த முக்கோணச் சங்கிலி கடைசியில் இமயம்வரை போனது. நூறு மைலுக்கும் அப்பாலிருந்து கோணம் அளந்து, சிகரம் 15 என்று எண்ணிட்ட மலைக்கு, அதாவது இன்றைய எவரெஸ்ட் சிகரத்துக்கு, 29,002 அடி என்று 1856இல் அறிவித்தார்கள். அந்தக் கணக்கில் அளவைத் துறையின் கணிதர் ராதாநாத் சிக்தாரின் பங்கு பெரியது. 2020இல் நேபாளமும் சீனாவும் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது சுமார் 29,032 அடி. அந்தக் காலத்துக் கருவிகளோடு வெறும் 30 அடி வித்தியாசம்.

போனில் இருக்கும் ஜிபிஎஸ்ஸும் இதே முறையா?

இதே இல்லை, இதற்கு நெருங்கிய முறை. லாம்டன் கோணங்களை அளந்தார், ஜிபிஎஸ் நீளங்களை அளக்கிறது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து சமிக்ஞை வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. மூன்று தூரங்கள் தெரிந்தால் நீங்கள் இருக்கக்கூடிய இடங்கள் இரண்டே, அதில் ஒன்று விண்வெளியில் இருக்கும். பிறகு நான்காவது செயற்கைக்கோள் எதற்கு? உங்கள் போனின் கடிகாரம் துல்லியமில்லாதது. ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீட்டர் பிசகும். அந்தப் பிழையைக் கண்டுபிடித்து நீக்க நான்காவது அளவு தேவை.

கூடுதல் 180 டிகிரி என்பது எல்லா இடத்திலும் உண்மைதானா?

தட்டையான பரப்பில் மட்டும். பூமி உருண்டையில் வட துருவத்திலிருந்து நேராகப் பூமத்திய ரேகைக்கு இறங்குங்கள், அதன்மேல் கால் சுற்றுப் போங்கள், மறுபடி நேராகத் துருவத்துக்கு ஏறுங்கள். மூன்று மூலைகளிலும் 90 டிகிரி, கூடுதல் 270.

முக்கோணம் சிறிதாக ஆக இந்த அதிகப்படி குறைந்துகொண்டே வரும். பூமியின் மேல் சுமார் 197 சதுர கி.மீ. பரப்புள்ள முக்கோணத்துக்கு அது ஒரு டிகிரியின் 3,600இல் ஒரு பங்குதான். மனைக்கும் அஸ்திவாரத்துக்கும் இதைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை. நாடளந்தவர்களுக்குத் தேவைப்பட்டது, பெரிய முக்கோணங்களில் கோணங்களைக் கூட்டும்போதெல்லாம் 180க்கு மேல் எவ்வளவு வர வேண்டும் என்று முதலில் கணக்கிட்டு, அதைக் கழித்தபிறகே மிச்சத்தை அளவைப் பிழை என்று எடுத்துக்கொண்டார்கள்.